எதிர்பாராததற்குப் பத்து சதவீதம்

என் அக்கா வீட்டுக்காரரை ஆபீசில் 'பத்து சதவீதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். லஞ்சம் வாங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அந்த ஆள் ஆபீசிலிருந்து ஒரு பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் உள்வேலை செய்து கொடுக்கிற கம்பெனி அது. அங்கே எஸ்டிமேட் போடுவது அத்தானின் வேலை. கதவு, அலமாரி, குழாய், ஆணி என்று எல்லாவற்றையும் கூட்டி முடித்துவிட்டு, கடைசி வரியில் 'எதிர்பாராததற்கு' என்று எழுதிப் பத்து சதவீதம் சேர்ப்பார். அந்த வரி இல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டதே கிடையாது. வீட்டிலும் அதே கதைதான். சாப்பிடப் பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் பதினோரு தட்டு எடுத்து வைக்கச் சொல்வார். அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை சட்டைப் பையில் ஒரு மோதிரம் உபரியாக இருந்தது என்று நான் கிளப்பிவிட்ட புரளியை இன்றைக்கும் பாதிச் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள்.

அக்கா அப்படியே நேர்மாறு. எதிரே தெரிகிற தீவுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே அவள் ஆயுசில் பாதி போய்விட்டது. தீவில் தங்குவதற்கு விடுதி கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் அங்கிருந்து கிளம்பும் கடைசிப் படகில் திரும்பிவிட வேண்டும். அந்தப் படகு கிளம்பியதும் தீவு ஜன்னலில் இருக்கிறவர் அக்காவுக்குப் போன் செய்வார். "கடைசிப் படகு கிளம்பிடுச்சும்மா, எல்லாரும் ஏறியாச்சு" என்பார், வைத்துவிடுவார். அவ்வளவுதான். அந்த ஆளின் முகத்தை அக்கா இரண்டு முறையோ மூன்று முறையோதான் பார்த்திருக்கிறாள், குரலைத் தினமும் கேட்டிருக்கிறாள்.

"போனை வெச்சதுக்கு அப்புறம் அந்த மனுஷன் என்னடி பண்ணுவாரு?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "எல்லாரும் போனதுக்கப்புறம் அந்தத் தீவு எப்படித்தான் இருக்கும்? ஒரே ஒரு நாள் அங்க தங்கிப் பாத்துட்டா போதும்."

அவளுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. நகைக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதனால்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, நான் வாயைப் பிளந்தாலும் தடுக்கவில்லை. யாரும் கேட்காமல் தீவுக்குப் போகலாம், கரையோரம் நங்கூரம் போட்டுவிட்டுப் படகிலேயே தூங்கலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

படகை விற்றவர் ஒரு வயதான பல் டாக்டர். நல்ல மனிதர். பணத்தை வாங்கிக்கொண்டு கையைக் கழுவிவிடாமல், இரண்டு பேரையும் மாலை நேரங்களில் கூட்டிக்கொண்டு போய்ப் பாய் ஏற்றவும் இறக்கவும் சொல்லிக் கொடுத்தார். அத்தான் கயிற்றுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுக்கி விழுந்துகொண்டிருக்க, அக்கா பட்டென்று பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் காற்றைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவள் இல்லையா!

"பாய் நல்லாருக்கு, மோட்டார் நல்லா ஓடும். உள்ளதான் கொஞ்சம் பழசு" என்றார் பல் டாக்டர்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அத்தான் குனிந்து படகின் உள்ளே இறங்கினார். அரை மணி நேரம் ஆளைக் காணோம். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு பிரகாசம். உள்ளே மெத்தையெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அலமாரிக் கதவுகள் தண்ணீர் குடித்து உப்பியிருந்தன. கேஸ் குழாயில் வெடிப்பு. அதாவது அத்தானுக்குப் பிடித்த சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.

"ஏங்க, ரெண்டு மெத்தை போட்டாப் போதும்ங்க" என்றாள் அக்கா. "கேஸைக் கழட்டிப் போட்டுடுவோம். சாப்பாட்டக் கட்டிக்கிட்டு இந்த சனிக்கிழமையே போயிட்டு வந்துடலாம்."

"இந்த நாத்தத்துல உன்னைப் படுக்க வெக்கிறதா? நல்லா இருக்கே நீ சொல்றது!" என்றார் அத்தான். "முதல்ல உள்ள முடிப்போம். அப்புறம் கடலு."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன். அந்த உயிரையும் எஸ்டிமேட் போட்டுத்தான் வைப்பார், அதுதான் பிரச்சினை.

அந்த வாரமே கிரேன் வைத்துப் படகைத் தூக்கித் துறைக்குப் பக்கத்து முற்றத்தில் நிறுத்தினார்கள். சுற்றிலும் முட்டுக்கொடுத்து நிற்க வைத்த படகுகள், நடுவில் பெயின்ட் டப்பாக்கள். அன்றையிலிருந்து அத்தானுக்கு வேறு பேச்சே இல்லை. பிளைவுட்டா தேக்கா, விளக்குக்கு எத்தனை ஒயர், கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறக்கணுமா வெளிப்பக்கம் திறக்கணுமா! காகிதத்தில் 'வேண்டியது', 'இருந்தால் நல்லது', 'இப்போது வேண்டாம்' என்று மூன்று பத்தி பிரித்து, ஒவ்வொரு சாமானாக ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். பிரிட்ஜ் ஒன்று அந்த மூன்று பத்திக்கும் நடுவே நடையாய் நடந்தது.

நான் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு வெட்டுகிற மேசை, தரையெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு நாள் அத்தான் கடைக்கு வந்தார். வழக்கமாக நேரே உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர், அன்றைக்கு வெளியே வாடிக்கையாளர் நிற்கிற இடத்திலேயே நின்றார்.

"படகுக்கு மெத்தை வேணும். கொட்டேஷன் குடு."

"எதுக்கு அத்தான் கொட்டேஷன்? அளவ சொல்லுங்க, தெச்சுத் தந்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் கூடாது. மூணு இடத்துல வாங்குறேன். யாரு கம்மியோ அவங்களுக்குத்தான்."

என் அக்கா புருஷன் என்னிடமே கொட்டேஷன் கேட்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மடங்கு விலை போட்டுக் கொடுத்தேன். மனுஷன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி அகலம், நூல், கூலி என்று பிரித்து மேய்ந்துவிட்டு, மறுநாள் சிவப்பு மசியில் திருத்திக் கொண்டுவந்தார். கடைசியில் எதிர்பாராததற்குப் பத்து சதவீதமும் சேர்த்திருந்தார். "நீ இத விட்டுட்டே" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்?

அப்புறம் அட்டை வந்தது. பிரிட்ஜ் விற்கிற கடையிலிருந்து பெரிய பெரிய அட்டைப் பெட்டிகளை வாங்கிவந்து, படகின் உள்பகுதி முழுவதையும் அதே அளவில் வீட்டு ஹாலில் செய்துவிட்டார். அட்டை அடுப்படி, அட்டை மேசை, அட்டைப் படுக்கை. டிவி பார்க்க வேண்டுமென்றால் படகின் கழிப்பறையைத் தாண்டிப் போக வேண்டும். நான் போன அன்று அக்கா அட்டைக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள், அத்தான் சிவப்புப் பென்சிலோடு எதிரே.

"நட. கண்ணத் தொறக்காத. படகு ஆடுதுன்னு நெனச்சுக்க. தடுமாறினா உன் கை எங்க போகும்?"

"தடுமாறினா உங்க மேலதான் விழுவேன், வேற எங்க போக?" என்றாள் அக்கா.

"வெளையாடாத. கை எங்க போகுதோ அங்கதான் கைப்பிடி வெக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். அவள் கை எட்டிய இடத்திலெல்லாம் அவர் புள்ளி வைத்தார். அவருடைய உயரத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. நான் அதைக் கவனித்தேன். எல்லாம் அவள் உயரத்துக்குத்தான்.

இப்படியே அந்தக் கோடை போனது. சனிக்கிழமைகளில் அக்கா துறைக்கு நடந்து போய், தீவுப் படகு வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு வருவாள். குறை சொல்ல மாட்டாள். "அவரு சந்தோஷமா இருக்காருடி" என்பாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

அடுத்த கோடை தொடங்கும்போது எல்லாம் முடிந்தது. ஓட்டல் அலமாரிகள் செய்கிற கம்பெனித் தச்சரை வைத்து அத்தான் செய்த வேலை, சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. கப்பு சரிந்து விழாமல் இருக்க மேசைக்கு உயர்ந்த விளிம்பு, இடித்தால் வலிக்காமல் இருக்க மழுக்கிய மூலைகள், தூக்கத்தில் உருண்டு விழாமல் இருக்கப் படுக்கைக்குத் துணித் தடுப்பு. ஒவ்வொரு பலகையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்தக் குமிழ் நட்டநடுவில் வந்து நின்ற பிறகுதான் திருகாணி போட்டார்கள். நான் தைத்த நீல மெத்தைகள் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தன. செலவும் எஸ்டிமேட்டுக்குள் அடங்கிவிட்டது. அத்தான் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி அதைச் சொன்னார்.

படகைத் தண்ணீரில் இறக்கியது ஒரு சனிக்கிழமை காலை. அக்கா முந்தின நாளே இரண்டு வேளைக்குச் சாப்பாடு கட்டி, பிளாஸ்க், போர்வை, மாற்று உடுப்பு எல்லாம் ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தாள். கல்யாணப் பெண் மாதிரி முகம் அவளுக்கு. காற்று மிதமாக இருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. படகு மிதந்ததும் நாங்கள் மூன்று பேரும் உள்ளே இறங்கினோம். அக்கா பையிலிருந்து தக்காளிகளை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தாள்.

ஒரு தக்காளி நகர்ந்தது. மெதுவாக, யாரோ கூப்பிட்ட மாதிரி, படகின் முன்பக்கம் பார்த்து உருண்டுபோய் விளிம்பில் முட்டி நின்றது. அக்கா இன்னொன்றை வைத்தாள். அதுவும் போனது. அவள் சிரித்துவிட்டாள்.

அத்தான் சிரிக்கவில்லை. ரசமட்டத்தை எடுத்து மேடையில் வைத்தார். குமிழ் ஒரு ஓரத்துக்கு ஓடியது. மேசையில் வைத்தார், படுக்கைப் பலகையில் வைத்தார். எங்கே வைத்தாலும் அதே ஓரம். அவருக்கு விஷயம் புரிந்தபோது முகம் சுண்டிப்போய்விட்டது. மழைத் தண்ணீர் வடிவதற்காகப் படகு முற்றத்தின் தரையைச் சரிவாகத்தான் போட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் பின்பக்கம் தாழ்ந்து நின்ற படகுக்குள், தரை நேராக இருக்கும் ஓட்டலுக்குச் செய்கிற மாதிரி ரசமட்டம் வைத்து வேலை செய்திருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கியதும் படகு தன் போக்கில் நிமிர்ந்துகொண்டது, உள்ளே இருந்த சாமான் எல்லாம் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்வு என்றால் எவ்வளவு? மேடையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இரண்டு விரல். அவ்வளவுதான்!

"போகட்டும்ங்க. தக்காளிய விளிம்புப் பக்கமே வெச்சுக்கலாம்" என்றாள் அக்கா. "வாங்க, பாய ஏத்துவோம்."

"எப்படிப் போறது? எல்லாம் சாஞ்சு கெடக்கு."

"அத்தான், கடல்ல எதுதான் நேரா நிக்கும்?" என்றேன் நான். "போய் ஒரு ராத்திரி தூங்கிட்டு வாங்க. திங்கக்கிழம வந்து கழட்டிக்கலாம்."

"உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு. எனக்கு உள்ள ஏறி உக்காரவே கூசுது. இதப் பிரிச்சுத் திரும்பப் போட ஒரு சீசன் ஆகும். அந்தப் பத்து சதவீதம் அப்படியே இருக்கு, செலவப் பத்திக் கவலையில்ல. அடுத்த கோடைக்குப் போலாம்."

"ஒரே ஒரு ராத்திரிங்க" என்றாள் அக்கா. கெஞ்சவில்லை, சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"உனக்குக் குடுக்கறத அரைகுறையாக் குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டார் அத்தான். அவர் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் அவரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்று எனக்கு வந்தது. அதே சமயம் பாவமாகவும் இருந்தது.

அக்கா தக்காளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கட்டிய சாப்பாட்டை வீட்டு மேசையில் வைத்து மூன்று பேரும் சாப்பிட்டோம். மறுவாரம் கிரேன் வந்து படகைத் திரும்பத் தூக்கியது. "என்ன சார், கடல் சரியில்லையா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை அக்கா கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அறை சுற்றுகிறது, தரை சாய்கிறது என்று கத்தினாள். நாங்கள் ரத்தக் கொதிப்பு என்று நினைத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, உள்காதில் கோளாறு, நிதானம் சொல்கிற பாகமே ஒரு பக்கம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். மருந்தில் சுற்றல் குறைந்தது. ஆனால் தரை திரும்பி நேராகவே இல்லை. எப்போதும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது என்பாள். சுவரைத் தடவித் தடவித்தான் நடக்கிறாள். ஹாலைத் தாண்டுவதற்குள் நெற்றி வியர்த்துவிடும்.

"இனிமே இப்படித்தான், பழகிக்கணும்" என்றார் டாக்டர். அத்தான், "படகு..." என்று ஆரம்பித்தார். "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று டாக்டர் முடித்துவிட்டார்.

எடுத்தோம். அக்காதான் எடுத்தாள். கோடை வந்ததும், ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குள் அத்தான் உள்ளே எல்லாவற்றையும் திருத்திப் படகைத் தண்ணீரில் இறக்கியிருந்தார். இந்த முறை ரசமட்டத்தைத் தொடவில்லை, படகின் தரையை வைத்தே அளந்திருந்தார். அக்காவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு துறைக்குப் போனோம். மிதக்கிற நடைமேடையில் அவள் ஒரு காலை வைத்தாள். அவ்வளவுதான், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் பலகையைப் பற்றிக்கொண்டாள், விரலெல்லாம் வெளுத்துப்போனது. வாந்தி எடுத்தாள். படகு பத்தடி தூரத்தில் பளபளவென்று நின்றது.

"வேண்டாம்டி. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் என்னிடம். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கோபத்தினால் அல்ல, தலையைத் திருப்பினால் சுற்றும் என்பதால். ஆனால் அத்தான் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை. வழி முழுக்க எங்களுக்குப் பின்னால்தான் நடந்துவந்தார்.

அடுத்த வாரம் நான் அங்கே போனபோது வீட்டில் துளை போடுகிற மெஷின் சத்தம். அத்தான் படகிலிருந்த கைப்பிடிகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து, படுக்கையறையிலிருந்து குளியலறை வரையும் சமையலறையிலும் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தார். அளவு எடுக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்புப் புள்ளி வைத்த அட்டைகளைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் துளை போட்டார். விளிம்பு வைத்த மேசை சமையலறைக்கு வந்தது. துணித் தடுப்பு வைத்த படுக்கை ஹால் ஜன்னலோரம் வந்தது, என் நீல மெத்தையோடு. அக்கா எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கைப்பிடியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தனியாக நடந்து குளியலறை வரை போய் வந்தாள். கை போன இடத்திலெல்லாம் பிடி இருந்தது.

"பரவால்லைங்க, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே ஒன்றுமில்லாத படகை ஓர் இளம் ஜோடி வாங்கியது. கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். கையில் காசில்லை, அதனால் விலை குறைவாக இருந்ததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. வாங்கிய வாரமே கிளம்பிப் போய்விட்டார்கள் என்று கிரேன்காரர் சொன்னார். திரும்பி வந்ததும், அத்தான் படகில் மறந்து விட்டிருந்த ஒரு பழைய ஆணிப் பெட்டியைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

"எங்கம்மா போனீங்க?" என்று அக்கா ஜன்னலோரப் படுக்கையிலிருந்து கேட்டாள்.

"எதிர்ல இருக்கற தீவுக்குத்தான்மா. நங்கூரம் போட்டு அங்கேயே தூங்கிட்டோம்."

அத்தான் கையில் வைத்திருந்த பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"கடைசிப் படகு போனதுக்கப்புறம் அங்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் யோசித்தாள். "அப்படிப் பெருசா ஒண்ணும் இல்லம்மா. நாய்ங்கெல்லாம் வந்து துறையில படுத்துக்குது. டிக்கெட் குடுக்கற பெரியவர் யாருக்கோ போன் பண்ணிட்டு ஜன்னலச் சாத்துனாரு. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு நேரா கடல்ல எறங்கிக் குளிச்சாரு. சத்தமாப் பாட்டு வேற பாடுனாரு, கேக்கச் சகிக்கல!"

"பாடுவாரா?" அக்கா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "அடக் கடவுளே, அந்த மனுஷன் பாடுவாரா! இன்னும் சொல்லும்மா."

அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் டீ போட எழுந்து சமையலறைக்குப் போனேன். அத்தான் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். அக்காவின் உயரத்துக்கு வைத்த கைப்பிடியைக் குனிந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்தப் புள்ளைங்க எதுல படுத்துச்சுங்க? கேட்டியா?" என்றார்.

"ரெண்டு மெத்தை வாங்கிப் போட்டுக்கிட்டாங்களாம்."

ஹாலில் அக்கா மறுபடியும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு அவளும் ரெண்டு மெத்தைன்னுதான் கேட்டா" என்றார். "உன் கடையில ரெண்டு மெத்தைக்கு எவ்வளவு ஆயிருக்கும்?"

இந்த மனுஷனைத் திட்டுவதற்காக இரண்டு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"காசே வாங்கியிருக்க மாட்டேன் அத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பாலைக் காய்ச்ச வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போதும் அவர் அந்தக் கைப்பிடியை விட்டிருக்கவில்லை.